வெடி கேட்காத கொல்லை

துவாக்குடிக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரிக்குள் நின்றுகொண்டு, சத்தம் கேட்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. என் பெயர் டெல்பின். இந்த வேலையைப் பாலக்கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. சகாய மாதா கோவில் வாசலில் பார்க்கிற பெண்கள், "ஏன் டெல்பின், தோட்டா செய்யுற கம்பெனியாமே? பாவமில்லையா?" என்பார்கள். கேட்கிறவள் கையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி பை தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு வருகிற ஆத்திரத்தில் பூசைக்குப் போன பலன் எல்லாம் அங்கேயே போய்விடும்.

எங்கள் முதலாளி தேசிகன் சார் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். வீட்டுக்குள் வெங்காயம் வராது, தோட்டா வரும். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு நெற்றியில் திருமண்ணோடு நேராகப் பட்டறைக்கு வந்து, சதைக்குப் பதிலாக வைத்து நான் சுட்டுப் பார்த்த ஜெல்லிக் கட்டிகளை உற்றுப் பார்ப்பார். "டெல்பின், ஜீவனைப் படைச்சவனே காக்குறான், அவனே சம்ஹாரமும் பண்றான். நமக்கு நடுவுல ஒரு சின்னக் கைங்கர்யம், அவ்வளவுதான்" என்பார். கைங்கர்யமாம்! வெடிமருந்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்க நாயாய் அலைகிறவள் நான்.

காட்டிலிருந்து தள்ளியிருக்கிற ஊர்களில் பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று ஆன பிறகு எங்களுக்கு இந்த வேலை வந்தது. துறையிடம் துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது, சுடவும் சுட்டார்கள். ஆனால் ஒரு வெடி வெடித்தால் ஒரு பன்றி விழும், மிச்சம் இருக்கிற கூட்டம் முழுக்கத் தெறித்து ஓடி அடுத்த ஊர்க் கொல்லையில் இறங்கிவிடும். அந்த ஊர்க்காரன் இந்த ஊர்க்காரனைத் திட்டுவான். அதனால், கூட்டம் தலை தூக்கிப் பார்க்காத அளவுக்கு ஓசை குறைந்த தோட்டா வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்பது சுலபம். சாதாரணக் குண்டு ஒலியை முந்திக்கொண்டு பறக்கிறது. முந்தும்போது சாட்டையைச் சொடுக்கின மாதிரி காற்றில் ஒரு வெடிப்பு. துப்பாக்கி வாயில் எந்தச் சத்த அடக்கியை மாட்டினாலும் அந்தச் சொடுக்கு போகாது. அது போகவேண்டும் என்றால் குண்டை மெதுவாக அனுப்ப வேண்டும். மெதுவாக அனுப்பினால் இன்னொரு வம்பு. குண்டு உடம்புக்குள் மலராமல் ஊசி போல மறுபக்கம் வந்துவிடும். பன்றி விழாது. வயிற்றில் ஓட்டையோடு ஓடி, எங்கோ புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் துடித்துச் சாகும். அதை மட்டும் என்னால் சகிக்க முடியாது. கொல்வதென்றால் ஒரே அடியில் கொல்ல வேண்டும், இல்லையா, விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

அந்தக் குண்டின் மூக்கு மலர்வதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மெதுவான வேகத்திலும் ஒழுங்காகப் பூவாய் விரிகிற குண்டு கைக்கு வந்த அன்று, ஜெல்லிக் கட்டியை நடுவே அறுத்துப் பார்த்துவிட்டுக் கல்குவாரிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். தேசிகன் சார் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பைத்தியங்கள் என்று வாட்ச்மேன் நினைத்திருப்பான்.

கொல்லையில் வைத்துச் சுட்டுப் பார்ப்பதற்கு மருங்காபுரிப் பக்கம் ஒரு பட்டியைக் கொடுத்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் மக்காச்சோளம், நடுவில் ஒரு சின்னப் பாறைக் குன்று, கரடு என்பார்கள், அதைத் தாண்டினால் பொட்டல். கதிர் பால் பிடிக்கிற பருவம். பன்றிக்கு இதைவிட ருசியான பருவம் கிடையாதாம். ஒரு கொல்லையில் பாதிக்கு மேல் தட்டைகள் சாய்ந்து, ரோடு ரோலர் ஏறினது போலக் கிடந்தன. அது ஆண்டி, வள்ளிக்கண்ணு என்கிற புருஷன் பெண்டாட்டியின் கொல்லை. ஆண்டி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏங்க, இதாவது பன்னியச் சுடுமா, இல்ல இதுவும் போட்டோ புடிக்கத்தானா?" என்றுதான். போன வருஷமும் யாரோ வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்களாம்.

"சுடும், சுடும். நீங்க கறி கேக்காம இருந்தா சரி" என்றேன். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று விதி.

"கறி எதுக்குங்க? எங்கொல்லையைத் தின்ன பன்னி, பொதச்சா எங்கொல்லைக்கே எருவாகட்டும்!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் ஓசைச் சோதனை. ரைஃபிள் கிளப்பில் மெடல் மெடலாக வாங்கின ஜேக்கப் என்பவனைச் சுடுவதற்கென்று துறை அழைத்து வந்திருந்தது. எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவன்தான், பேங்க்கில் வேலை, என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவன் கரட்டின் மேல் மணல் மூட்டையைப் பார்த்துச் சுட வேண்டும். நான் எட்டத்தில், சோளக்கொல்லை ஓரத்தில் ஒலிமானியோடு நிற்க வேண்டும். வள்ளிக்கண்ணுவும் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வந்து நின்றார். நான் மானியைப் பார்க்கிறேன், முள் அசையவில்லை. தட்டைகள் காற்றில் உரசுகிற சத்தம்தான். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு.

கொஞ்ச நேரம் பொறுத்து வள்ளிக்கண்ணு கேட்டார். "எப்ப மேடம் சுடப்போறாங்க?"

"சுட்டாச்சு, அக்கா. அஞ்சு தடவை சுட்டாச்சு!" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கரட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நாங்க எப்படிக் குரல் குடுக்குறது?"

எனக்குப் புரியவில்லை. கேட்டேன். சொன்னார். இவ்வளவு நாளாக மருதை என்கிற ஃபாரஸ்ட் கார்டுதான் இங்கே வந்து சுடுவாராம், இந்தப் பக்கத்து ஆள். முதல் வெடி கேட்டதும், கொல்லைக்குள் யார் எங்கே இருந்தாலும் அந்த இடத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துகொண்டு "ஓய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக. அந்தக் குரல் எல்லாம் வந்து அடங்குகிறவரை மருதை அடுத்த வெடி வைக்க மாட்டார். எந்தத் திசையில் குரல் வந்ததோ அந்தத் திசைக்குத் துப்பாக்கியைத் திருப்பவே மாட்டார். எந்தச் சர்க்காரும் போட்ட விதி இல்லை இது. ஊரும் அவரும் சேர்ந்து தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது.

"வெடி கேட்டாத்தான மேடம் குரல் குடுப்போம்? வெடியே கேக்கலைன்னா சுடுறவருக்கு எப்படித் தெரியும், நாங்க இங்க இருக்கோம்னு?"

மூன்று மாதிரி மானி வாங்கி, இத்தனை அடியில் இவ்வளவு, அத்தனை அடியில் அவ்வளவு என்று சத்தத்தை ஓட ஓட விரட்டினோமே. அந்தச் சத்தத்துக்காக ஒரு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பன்றிக்குக் கேட்கக் கூடாது, பன்றிக்குக் கேட்கக் கூடாது என்று பன்றியின் காதைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறோம்.

நேரே ரேஞ்சர் சரவணனிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார். அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "முதல் வெடி மட்டும் பழைய தோட்டாவுல வைங்க. ஆளுங்க உஷாராகட்டும். அப்புறம் இதைப் போட்டுச் சுடுங்க" என்றேன்.

"மேடம், முதல் வெடியிலேயே கூட்டம் ஓடிடும். அப்புறம் எதைச் சுடுறது, உங்களையா என்னையா?"

"விசில்?"

"விசிலுக்கும் ஓடும்."

"அப்ப ஆளைக் கொல்லைக்குள்ள விடாதீங்க."

"அதத்தான் மேடம் செஞ்சிருக்கோம். வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. வீட்டுக்கு வீடு ஆள் போய்ச் சொல்லியாச்சு. அஞ்சு மணிக்கு மேல ஒருத்தரும் கொல்லைப் பக்கம் வரக் கூடாது. ஊர்ல எல்லாரும் சரின்னுட்டாங்க. இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க?"

சொல்லத் தெரியவில்லை. அதுதான் என் எரிச்சல். அவர் சொன்னதில் ஓட்டை இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று காட்டத் தெரியவில்லை. தேசிகன் சாருக்குப் போன் போட்டேன். "டெல்பின், அவா துறைக்காரா. அவாளுக்குத் தெரியாததா? நீ படபடன்னு பேசி காரியத்தைக் கெடுத்துடாதே, பெருமாள் பாத்துப்பார்" என்றார்.

"பெருமாள் பாத்துப்பார் சார். ஜேக்கப் பாக்கணுமே!" என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலாளியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசியாகிவிட்டது.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. ஜேக்கப்போடு கரட்டின் மேல் நானும் உட்கார்வேன் என்று அடம் பிடித்தேன். பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் முணுமுணுத்தார். "தோட்டாவைப் பெத்தவ நான்தான், பக்கத்துல இருப்பேன்" என்றேன்.

ஐந்தரைக்குக் கரட்டின் மேல் டார்ப்பாலின் விரித்து ஜேக்கப் படுத்துக்கொண்டான். எனக்கும் பைனாகுலர் கொடுத்தார்கள். சரவணன் கீழே ஜீப்பில். பேச்சே கூடாது, போனும் கூடாது. வெயில் இறங்கி, சோளத் தட்டைகளின் நுனி மட்டும் மஞ்சளாக மின்னியது. ஜேக்கப் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. ஊர்ப் பக்கம் ஒரு நாய், ஒரு ஆட்டுக்குட்டி. அவ்வளவுதான்.

வந்தன. முதலில் ஒரு பெரியது, மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்துகொண்டு. அதன் பின்னால் சின்னதும் பெரியதுமாக ஒரு குடும்பமே. ஆண்டி கொல்லையின் சாய்ந்த தட்டைகளுக்குள் இறங்கி, மடக் மடக்கென்று கடிக்கிற சத்தம் கரடு வரை கேட்டது. ஒரு போகத்து உழைப்பைத் தின்கிற சத்தம். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது, ஆண்டிக்கு எப்படி இருக்கும்?

ஜேக்கப் சுட்டான். பக்கத்திலேயே இருந்த எனக்கே, யாரோ கனமான புத்தகத்தை மூடின மாதிரிதான் கேட்டது. பெரிய பன்றி முன்னங்காலை மடக்கி அப்படியே சாய்ந்தது. ஒரு உதறல், அப்புறம் அசைவில்லை. மற்றவை தின்றுகொண்டே இருந்தன. ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

இரண்டாவது. அதுவும் நின்ற இடத்திலேயே. வலி என்று ஒன்று அதற்குத் தெரிந்திருக்கவே நேரமில்லை. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் சொன்னேன். சாவுக்கு நன்றி சொல்கிறேனே என்று கூச்சமாகவும் இருந்தது. ஜேக்கப் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தான். எத்தனை மூக்குகளை வார்த்து உடைத்தேனோ, அத்தனைக்கும் அந்தச் சிரிப்பு போதும்.

அப்போதுதான் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. ம்ம்ம் என்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கூட்டம் அதற்கு அசையவில்லை. மோட்டார் சத்தம் அவற்றுக்குப் பழக்கம் போல.

"என்னடா அது?" என்று கிசுகிசுத்தேன்.

"போர்வெல் மோட்டார்க்கா. காலைல லைன்ல வேலைன்னு கரண்டை நிறுத்திட்டாங்களாம். இப்ப த்ரீ பேஸ் விட்டிருப்பாங்க. கரண்டு வந்தா மோட்டார் தானாவே ஓடும், ஆள் வேண்டாம்" என்றான். கண்ணைத் துப்பாக்கியின் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவில்லை.

தானாகவே ஓடும். சரி. ஓடி வருகிற தண்ணீர்? தானாகவே பாத்திக்குப் போகுமா? எங்கள் பாலக்கரையில் குழாயில் தண்ணீர் வந்தால், எழவு வீட்டில் அழுகிறவள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் குடத்தைக் கொண்டுபோய் வைப்பாள். பிறகு வந்து அழுவாள். காலையில் வராத கரண்டு இப்போது வந்திருக்கிறது. பால் பிடிக்கிற கதிர். ஒரு தண்ணீர் தப்பினால் கதிர் சுருங்கிவிடும். வாட்ஸ்அப்பில் ஆயிரம் போட்டிருக்கட்டும், ஓடுகிற தண்ணீரை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற விவசாயி எந்த ஊரில் இருக்கிறான்?

"ஜேக்கப், சுடாத."

"ஒண்ணு தனியா வந்திருக்குக்கா. கருப்பா. பெருசு. வாய்க்கால் ஓரம் மண்ணைக் கிண்டிக்கிட்டு இருக்கு. நல்லாக் காட்டுது."

பைனாகுலரில் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு முதுகு. குனிந்து, மெல்ல அசைந்து, நின்று, மறுபடி குனிந்து. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பன்றிதான். நான் பார்த்தபோது எனக்கும் பன்றிதான். சத்தியமாகச் சொல்கிறேன், பன்றி இல்லை என்று அந்த நொடியில் யார் வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜேக்கப் மூச்சை இழுத்து நிறுத்தினான். சுடுவதற்கு முன்னால் மூச்சை நிறுத்துவான்.

எழுந்து நின்றேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஓய்ய்ய்!"

கொல்லை முழுக்கத் தடதடவென்று ஓடியது கூட்டம். தட்டைகள் மடமடவென்று முறிந்தன. "அக்கா!" என்று ஜேக்கப் அலறினான். கீழே ஜீப்பிலிருந்து சரவணன், "யாருய்யா அது, அறிவிருக்கா?" என்று கத்தினார். வருஷக்கணக்கில் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நானே ஒரு கூட்டத்தை விரட்டிவிட்டேன்.

அந்தத் தடதடப்பு அடங்குகிறபோது, ஜேக்கப்பின் துப்பாக்கி நீட்டியிருந்த அதே இடத்திலிருந்து, வாய்க்கால் ஓரத்துக் கருப்பு முதுகிலிருந்து, "ஓய்!" என்று ஒரு ஆண் குரல் வந்தது.

ஜேக்கப்பின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. இடப்பக்கம் வரப்பிலிருந்து ஒரு பெண் குரல், "ஓய்!" அது அடங்கியதும் இன்னும் தள்ளி, இரண்டாவது மோட்டார் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒருவரும் இல்லை என்று சொன்ன கொல்லை.

ஜேக்கப் துப்பாக்கியைக் கீழே வைத்தான். உள்ளே இருந்த தோட்டாவை அவனுக்கு எடுக்க வரவில்லை. நான்தான் வாங்கி எடுத்தேன். பிறகு அவன் டார்ப்பாலினில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஏசுவே, ஏசுவே" என்று சொல்லிக்கொண்டே கிடந்தான்.

நான் கரட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். கொல்லையை விட்டு ஆண்டி வெளியே வந்தார். முழங்கால் வரை சேறு, தோளில் மண்வெட்டி. சோள இலை அறுக்காமல் இருக்க ஒரு கருப்புக் கோணியைத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கத்துனது நீங்கதானா? படிச்சவங்கதான? வாய்க்கால்ல நின்னு பாக்குறேன், கூட்டம் மொத்தமும் எங்கொல்லையில நிக்குது! அந்த ஆளு வந்து சுடுறதுக்குள்ள விரட்டி விட்டுட்டீங்களே! இனி அதுங்க நடு ராத்திரி வரும். மிச்சத்தையும் தின்னுட்டுப் போவும்!"

"நீங்க ஏன் வந்தீங்க?" என்றேன். "வரக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"தண்ணி வந்துச்சு, வந்தேன். வெடி கேட்டா உக்காந்துக்கலாம்னு இருந்தேன். இன்னும் ஒரு வெடிகூட கேக்கலையே! சுட ஆரம்பிக்கவே இல்லையே நீங்க!"

வள்ளிக்கண்ணு வரப்பிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். "நான்தான் சொன்னேனே, இந்தத் துப்பாக்கிக்குச் சத்தமே இல்லைன்னு! கேட்டியாய்யா நீ?"

"சத்தமில்லாத துப்பாக்கி எந்த ஊர்ல இருக்கு? யார்கிட்ட கதை விடுற?" என்று ஆண்டி அவரை அடக்கினார்.

சரவணன் ஜீப்பை விட்டு வந்து சேர்ந்திருந்தார். டார்ச் விளக்கை அடித்தார். சாய்ந்த தட்டைகளுக்கு நடுவே, ஆண்டி நின்ற வாய்க்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு பன்றிகள் கிடந்தன. ஆண்டி வெளிச்சத்தையே பார்த்தார். கிட்டே போனார். மண்வெட்டிக் காம்பால் ஒன்றைத் தொட்டுத் தள்ளிப் பார்த்தார்.

"இது எப்ப செத்துச்சு?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

ஜேக்கப் இறங்கி வந்திருந்தான். வெறுங்கையோடு. ஆண்டிக்கு எதிரில் போய் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்கவே இல்லை. ஆண்டி அவனையும், கரட்டையும், தான் நின்ற வாய்க்காலையும், தன் முதுகிலிருந்த கருப்புக் கோணியையும் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, கோணியை உருவிக் கீழே போட்டார். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

வாய்க்கால் நிரம்பி வரப்பைத் தாண்டி வழிந்தது. வழிகிற தண்ணீரைத் திருப்ப ஒருவரும் எழவில்லை.

"மேடம்" என்றார் ஆண்டி. கோபமெல்லாம் போய், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். "அந்தத் தம்பி சுட்டிருந்தா, எனக்கே தெரிஞ்சிருக்காதுல்ல?"

ஒரே அடியில், வலி தெரியாமல், சத்தம் தெரியாமல். அதற்காகத்தானே செய்தேன். உள்ளதைச் சொன்னேன். "தெரிஞ்சிருக்காதுங்க."

வள்ளிக்கண்ணு அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தார். புருஷனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குந்தான் தெரிஞ்சிருக்காது" என்றார். "இருட்டுற வரைக்கும் வரப்புல நின்னு, எம்புருசன் தண்ணி கட்டுறாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."